கணக்குக்கு ஒரு சுவர்

சுவர் எழுப்பிய அன்று பட்டறையில் சிரிப்புக்குக் குறைவே இல்லை. அண்ணன்காரன் செங்கல் எடுத்துக் கொடுக்க, தம்பிக்காரன் அடுக்கிக்கொண்டே போனான். சிமெண்ட் கிடையாது. வெறும் களிமண்.

"கொஞ்ச நாள் நின்னாப் போதும்டா. காரியம் முடிஞ்சதும் ஒரு உதை விட்டா விழுந்துடணும்" என்றான் அண்ணன்.

"இப்பவே விழும்ணே. வர்ற ஆபீசர் தும்மாம இருந்தாச் சரி."

மூத்தவள் தண்ணீர்க் குவளையோடு நின்று வேடிக்கை பார்த்தாள். அவள் அண்ணனின் மனைவி. அவள் தோளில் முகவாயை வைத்துச் சாய்ந்து நின்ற இளையவள், தம்பியின் மனைவி.

"அக்கா, உலை எங்க பக்கம் வருது. இனிமே நெருப்பு வேணும்னா என்னைக் கும்பிட்டுக் கேக்கணும்."

"போடி இவளே. லேத் என் பக்கம் இருக்கு. நீ ஊத்துறதைக் கடைஞ்சு தர ஆள் இல்லாம என் வாசல்ல வந்து நிப்ப பாரு."

அந்தத் தெரு முழுக்கத் தண்ணீர்க் குழாய் செய்கிற தொழில்தான். ஒரு வீட்டில் பித்தளையை உருக்கி வார்ப்பார்கள். ஒரு வீட்டில் மரை போடுவார்கள். கைப்பிடி மட்டும் செய்கிற வீடு, வாஷர் மட்டும் வெட்டுகிற வீடு, பாலிஷ் போட்டுப் போட்டு ஆளே மஞ்சளாகிப் போன வீடு என்று வரிசையாக இருக்கும். அங்கே பிறக்கிற குழந்தை அழுவதற்கு முன்னால் தும்மும் என்று பக்கத்துத் தெருக்காரர்கள் கேலி செய்வார்கள். அவ்வளவு தூசி.

இந்தத் தெருவைத் தேடித்தான் அரசாங்கத்தில் ஒரு திட்டம் வந்தது. ஒரே தொழில் நெருக்கமாக நடக்கிற இடங்களைக் கண்டுபிடித்து, 'கிளஸ்டர்' என்று அறிவித்து, அவற்றைப் பலப்படுத்தப் போகிறார்களாம். புகையில்லாத கரண்ட் உலை ஒன்று பொதுவில் வரும். சரக்கைச் சோதித்துப் பார்க்கக் கூடம் வரும். தெருவின் பேரிலேயே முத்திரை வரும். பெரிய கம்பெனிகள் நேராக வந்து ஆர்டர் கொடுக்கும். ஆனால் அதற்கு இத்தனை யூனிட் இருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு. தெருவில் எண்ணிப் பார்த்தால் குறைந்தது. அண்ணன் தம்பி, அப்பா பிள்ளை எல்லோரும் ஒரே கூரைக்கு அடியில் செய்கிற தொழில். பத்துப் பேர் வேலை செய்தாலும் ஒரு யூனிட்தான்.

சங்கத் தலைவருக்கு மைக்காரர் என்று பேர். மைக் இல்லாமலே தெருமுனை வரை கேட்கும் குரல். அவர்தான் வழி சொன்னார்.

"நடுவுல ஒரு சுவர். வாசல்ல ரெண்டு போர்டு. அவ்வளவுதான்ப்பா! ஒண்ணு ரெண்டாயிடும், ரெண்டு நாலாயிடும்."

ஒரே வாரத்தில் தெருவில் சுவர் இல்லாத பட்டறை இல்லை என்றாகிவிட்டது. களிமண்ணுக்குத் தட்டுப்பாடே வந்தது.

சுவர் வந்த பிறகும் உலை வேலை பழையபடிதான் நடந்தது. சுவரின் கோடியில் ஆள் நுழைகிற அளவு விட்டிருந்த சந்து வழியாக மூத்தவள் வருவாள். மூசை என்கிற அந்தக் கனத்த பாத்திரம் உலைக்குள்ளிருந்து வெளியே வரும்போது உள்ளே பித்தளை சூரியனை அரைத்து வைத்தது போல இருக்கும். நீளக் கம்பியின் நடுவில் ஒரு வளையம். அந்த வளையத்தில் மூசையை உட்கார வைத்து, இந்த முனையை ஒருவர், அந்த முனையை ஒருவர் பிடித்துத் தூக்க வேண்டும். பிறகு வரிசையாகத் தரையில் வைத்திருக்கும் மணல் அச்சுப் பெட்டிகளில் ஊற்றிக்கொண்டே நகர வேண்டும். சாய்ப்பது மூத்தவள் கை. தாங்குவது இளையவள் கை. ஒருத்தி மூச்சு விடுவது மற்றவளுக்குக் கம்பி வழியாகத் தெரியும். ஆண்கள் இருவரும் ஊற்றினால் நாலு சொட்டாவது சிந்தும். இவர்கள் ஊற்றினால் சிந்தாது.

ஒரே ஒரு தரம் சிந்தியிருக்கிறது. இளையவள் மருமகளாக வந்த புதிது. மழைக்காலம். ஒரு பெட்டியில் மணல் சரியாகக் காயவில்லை. உருகிய பித்தளை ஈரத்தைத் தொட்டதும் வெடித்து எகிறியது. மூத்தவள் முகத்துக்கு நேராக வந்த பொறிக்கு அவள் தலை பின்னால் போக, கை நழுவிவிட்டது. மூசை சரிந்து இளையவளின் வலது பாதத்தில் கொட்டியது. மூன்று விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் போயின. இன்றைக்கும் அவள் விந்தி விந்தித்தான் நடப்பாள்.

அந்தப் பெட்டியில் மணலை இடித்து நிரப்பியது இளையவள்தான். மூத்தவளுக்கு அது அப்போதே தெரியும். புதுசாக வந்த பெண், கால் வெந்து கிடக்கிறாள், அவள் தலையிலேயே பழியையும் போடுவதா என்று வாயைத் திறக்கவில்லை. கை நழுவிடுச்சு என்று மட்டும் சொன்னாள். மாதக் கணக்கில் அவள் காலுக்கு மருந்து போட்டதும், தூக்கிக்கொண்டு போய் உட்கார வைத்ததும், சோறு பிசைந்து ஊட்டியதும் மூத்தவள்தான். இருவரும் ஒட்டிக்கொண்டது அப்போதிருந்துதான் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள்.

ஆய்வுக்கு அதிகாரி வருவதற்கு முன்பே வேறொரு செய்தி வந்தது. இன்னொரு ஊரில் களிமண் சுவரை அந்த அதிகாரி அம்மாள் கையாலேயே தள்ளிப் பார்த்தாராம். விழுந்துவிட்டதாம். அந்தத் தெருவையே பட்டியலிலிருந்து அடித்துவிட்டாராம்.

மைக்காரர் வீடு வீடாக வந்தார். "சுவரை நம்பிப் பிரயோஜனம் இல்லை. நிஜமாவே பிரிஞ்சவங்க மாதிரி இருக்கணும். மூஞ்சியைத் திருப்பிக்கணும். முடிஞ்சா ஆபீசர் முன்னாடி ஒரு சண்டை போடுங்க. குடும்பச் சண்டையைப் பார்த்தா எந்த ஆபீசரும் உள்ள வர மாட்டாங்க."

அன்றிலிருந்து தெருவில் ஒத்திகை ஆரம்பமாயிற்று. பாலிஷ்காரரும் அவர் மகனும் பழகிய சண்டையில் மகன் ஒவ்வொரு முறையும் சிரித்துவிடுவான். அப்பா நிஜமாகவே ஒன்று வைத்த பிறகுதான் சரியாக வந்தது. கைப்பிடி செய்கிற வீட்டில் இல்லாத ஆட்டுக்காகச் சகலைகள் இருவர் அடித்துக்கொண்டார்கள். வாஷர்க்கார அம்மாள் விதவை, தனிக்கட்டை. "நான் யார்கூடடா சண்டை போடுறது? செத்தவரைத்தான் எழுப்பிக் கூட்டிட்டு வரணும்" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தாள்.

மூத்தவளும் இளையவளும் சாக்கடைத் தண்ணீருக்காகச் சண்டை போடுவது என்று முடிவாயிற்று. வெங்காயம் உரித்துக்கொண்டே பாடம் பண்ணினார்கள்.

"அக்கா, நீ என்னை 'கழிசடை'ன்னு திட்டு. அப்பத்தான் எனக்குக் கோவம் வரும்."

"வாய் வரமாட்டேங்குதுடி."

"சரி, நானே உன்னைத் திட்டிக்கிறேன். நீ கையை மட்டும் ஆட்டு."

அதிகாரி அம்மாள் வந்தார். நல்ல வெயில். களைத்த முகம், ஆனால் கண் மட்டும் எதையும் விடவில்லை. தெருவெங்கும் காதில் விழுந்த சண்டைகளைக் கேட்டு உதட்டோரம் சிரிப்பு வந்து ஒட்டிக்கொண்டிருந்தது. இவர்கள் பட்டறைக்குள் வந்ததும் சுவரைத்தான் பார்த்தார். கையை மெல்லத் தூக்கினார்.

இளையவள் விந்திக்கொண்டே குறுக்கே போய் நின்றாள். "தொடாதீங்க மேடம். அந்தப் பக்கத்து ஆளு நிழல்கூட எங்க மேல படக்கூடாதுன்னு கட்டின சுவர் இது."

"யாரு நிழலுடி? உன் சாக்கடைத் தண்ணி என் வாசல்ல வந்து நிக்குது, நீ நிழலைப் பத்திப் பேசுறியா?" என்று சந்து வழியாக மூத்தவள் தலையை நீட்டினாள்.

"சாக்கடை எல்லா வீட்லயும்தான் ஓடுது" என்றார் அதிகாரி. குரலில் அதே சிரிப்பு. "காலையில குழாயடியில ஒருத்தர் குடத்தை ஒருத்தர் தூக்கிவிட்டது நீங்க ரெண்டு பேரும்தானே?"

பாடம் பண்ணியது அத்தனையும் தீர்ந்துவிட்டது. அதிகாரியின் கை மறுபடி சுவரை நோக்கிப் போயிற்று. வாசலில் நின்ற மைக்காரர் கண்ணாலேயே கெஞ்சினார்.

இளையவள் தன் வலது பாதத்தை முன்னால் நீட்டினாள்.

"இதைப் பாருங்க மேடம். இதைப் பார்த்துட்டுச் சொல்லுங்க, நாங்க ஒண்ணா இருப்போமான்னு. என் காலைச் சுட்டவ அவ. கை நழுவுச்சுன்னு ஊரை நம்ப வச்சா. நழுவல மேடம். வேணும்னேதான் விட்டா. நான் வந்தது அவளுக்குப் பிடிக்கல."

அதிகாரி மூத்தவளைப் பார்த்தார். மைக்காரர் வாயசைத்தார்: சொல்லு, சொல்லு.

"ஆமாண்டி" என்றாள் மூத்தவள். "வேணும்னேதான் விட்டேன். அதுக்கு இப்ப என்னாங்கற?"

அதிகாரி கையை இறக்கிக்கொண்டார். முகத்திலிருந்த சிரிப்பும் போயிருந்தது. இரண்டு யூனிட் என்று குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தார்.

மைக்காரர் ஓடி வந்து இரண்டு பெண்களையும் கையெடுத்துக் கும்பிட்டார். "என்னா நடிப்பும்மா! எனக்கே மயிர்க்கூச்செறிஞ்சு போச்சு!"

தெருவெல்லாம் அதே பேச்சு. மூத்தவள் சிரிப்பும் படபடப்புமாகச் சந்துக்குள் நுழைந்தாள். இளையவள் அடுப்பங்கரையில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"ஏண்டி, அதை எங்கேர்ந்துடி பிடிச்ச? எனக்குத் தூக்கிவாரிப் போட்டுடுச்சு."

"வாயில வந்துச்சுக்கா."

"நல்லா வந்துச்சு போ."

இளையவள் திரும்பினாள். "நீ ஏன்க்கா ஆமான்னு சொன்ன?"

"நீ சொன்னதுக்கு ஒத்துப் பேசத்தான். அந்தம்மா கையைத் தூக்கிட்டாங்களே."

"சண்டையில பழி போட்டா எல்லாரும் இல்லைன்னுதானே சொல்லுவாங்க. நீயும் அப்படிச் சொல்லியிருந்தா சண்டைதானே."

மூத்தவள் பதில் தேடினாள். பதில் என்னவோ சுலபமானதுதான். ஆனால் இவள் இதைக் கேட்க வேண்டிய அவசியம் என்ன என்று தோன்றியதும் அந்தச் சுலபமான பதில் தொண்டையிலேயே நின்றுபோனது. இத்தனை வருஷம் சோறு ஊட்டிய கையை இவள் இத்தனை வருஷமும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாளா?

இரவுச் சோற்றின்போது மூத்தவளின் புருஷன் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"அவ ஏதோ உளறினா. அது கிடக்கட்டும். நான் கேக்குறேன், கோவிச்சுக்காத. அன்னைக்கு நழுவத்தான் செஞ்சுதா?"

"நீங்களுமா?"

"கேக்கக் கூடாதா?"

"மணல் ஈரம். அவ இடிச்ச பெட்டி. வெடிச்சுது. என் மூஞ்சிக்கு வந்துச்சு."

"அதை ஏன் அன்னைக்கே சொல்லல?"

"சொல்லியிருந்தா அவளுக்கு எப்படி இருந்திருக்கும்?"

அவன் வாயில் வைத்த சோற்றை மென்று முடித்தான். "இப்பச் சொன்னா எப்படி இருக்கும்னு யோசிச்சியா?" என்று கேட்டுவிட்டுக் கை கழுவப் போனான்.

கேட்டவன் அதோடு விட்டிருக்கலாம். மனைவி மேல் விழுந்த பழியைத் துடைக்கிறோம் என்று நினைத்து, மறுநாளே தம்பியிடம் போய் ஈர மணல் கதையைச் சொன்னான். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து இளையவளின் குரல் வந்தது.

"அப்போ என் காலை நானே சுட்டுக்கிட்டேனா? பழியை யார் தலையில கட்டலாம்னு இத்தனை வருஷமா யோசிச்சீங்களா? சொல்லுங்க! உங்க பொண்டாட்டி கூசாம சொன்னாளே ஆமான்னு, அப்ப எங்க போச்சு ஈரம்?"

அன்று அதைக் கேட்க எந்த அதிகாரியும் இல்லை. எல்லாரும் உண்மையாகவே கத்தினார்கள். தம்பி நடுவில் புகுந்து, "அண்ணே, நீ போ. இப்ப போயிடு" என்று அண்ணனின் மார்பில் கை வைத்துத் தள்ளினான். மெதுவாகத்தான் தள்ளினான். ஆனால் தள்ளினான். சாயங்காலம் சந்தில் ஒரு தகரத்தை நிறுத்தி அடைத்துவிட்டார்கள்.

மழைக்காலம் வந்தது. கம்பியின் மறுமுனைக்கு இளையவள் தன் கூடப் பிறந்தவனைக் கூட்டிக்கொண்டு வந்து வைத்தாள். தடியன் என்று பேர்; பேருக்கேற்ற கை. சிந்திச் சிந்தி ஊற்றினான். அவன் ஊற்றிய வார்ப்பு எல்லா வீட்டுக்கும் போன பிறகு, ஓட்டையும் உடைசலுமாக மிச்சம் இருப்பது தெரு வழியாகச் சுற்றி மூத்தவள் வீட்டுக்கு வரும். லேத்தில் வைத்துக் கடையும்போது நடுவில் ஒரு சொத்தைக் குழி தெரியும். அவ்வளவு நேரக் கடைசலும் வீண். அண்ணன்காரன் அதைச் சுவருக்கு மேலே தூக்கிப் போடுவான். எதிர்ப்பக்கத்திலிருந்து சத்தமே வராது. அது அவனுக்கு இன்னும் எரியும்.

மூத்தவள் மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கூரை ஒழுகிய மழைத் தண்ணீரில் களிமண் ஊறி அங்கங்கே கரைந்தது. விழுந்துடும், தானா விழுந்துடும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வாள்.

கிளஸ்டர் அறிவிப்பு வந்தது. தெரு கொண்டாடி முடிப்பதற்குள் மைக்காரர் அடுத்த செய்தியோடு நின்றார். கரண்ட் உலை வர வேண்டுமானால் எல்லா யூனிட்டும் சேர்ந்து ஒரே கம்பெனியாகப் பதிய வேண்டும். ஒற்றுமையாக நடத்துவார்கள் என்று அதிகாரிக்கு நம்பிக்கை வர வேண்டும்.

"பிரிஞ்சு காட்டுன்னாங்க, காட்டினோம். இப்பச் சேர்ந்து காட்டவா?" என்றாள் வாஷர்க்கார அம்மாள். "நம்மளை என்ன நாடகக் கம்பெனின்னு நினைச்சாங்களா?"

மைக்காரர் சிரிக்கவில்லை. மூத்தவள் வீட்டு வாசலில் வந்து குரலைத் தாழ்த்திப் பேசினார். அவருக்கு அது பழக்கமில்லாததால் தொண்டை கரகரத்தது.

"அந்தம்மா இந்த வீட்டை மறக்கலம்மா. 'அந்தக் கால் வெந்த பொண்ணும் அவங்க அக்காவும் ஒரே கம்பியைப் பிடிச்சு ஊத்தட்டும், மத்தவங்களைப் பத்தி எனக்குக் கவலை இல்லை'ன்னுட்டாங்க. தெருவே உங்க ரெண்டு பேர் கையிலதான் இருக்கு."

அண்ணன்காரன் முடியாது என்று சொல்ல வாயெடுத்தான். மூத்தவள் முந்திக்கொண்டாள். "ஊத்துறேன்."

அவர் போன பிறகு புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவ ஒரு தரம் மறுமுனையைப் பிடிக்கட்டுங்க. பிடிச்சாப் போதும். வாயால சொன்னா நம்ப மாட்டா. கம்பியைப் பிடிச்சா அவளுக்கே தெரிஞ்சிடும்."

அவள் முகத்தைப் பார்த்து அவனும் இளகினான். தம்பியைப் பார்த்துப் பேசினான். தம்பி இதற்காகவே காத்திருந்தவன் போலக் கண் கலங்கிவிட்டானாம். அன்றைக்கே சுவரையும் எடுத்துவிடுவது என்று இருவரும் பேசி வைத்தார்கள். "நீங்க ஊத்தி முடிச்சதும் மேல் வரிசையில நான் கை வச்சிடுவேன்" என்றான் அண்ணன்.

தகரத்தை விலக்கி மூத்தவள் உலைப் பக்கம் வந்தாள். தெருவே திரண்டு நின்றது. அதிகாரி ஓரமாக நின்றார். தரையில் அச்சுப் பெட்டிகள் வரிசையாக இருந்தன. மூத்தவள் குனிந்து ஒவ்வொரு பெட்டியின் மணலையும் விரலால் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் நன்றாகக் காய்ந்திருந்தன. நிமிர்ந்தபோது இளையவள் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பது தெரிந்தது.

இளையவள் பூட்ஸ் போட்டிருந்தாள். தடியனுடைய தோல் பூட்ஸ். உள்ளே துணி திணித்து, முழங்கால் வரை கோணி சுற்றிக் கயிற்றால் கட்டியிருந்தாள். அந்தத் தெருவில் உலைக்கு யாரும் அப்படிப் போட்டு மூத்தவள் பார்த்ததில்லை. வெறுங்காலோடு நின்ற மூத்தவள், அதைப் பார்க்காதது போலக் கம்பியின் முனையைப் பிடித்தாள்.

தூக்கினார்கள்.

பழகிய கனம் கைக்கு வந்தது. முதல் பெட்டி. இரண்டாவது பெட்டி. வெள்ளைப் புகை எழுந்து முகத்தில் அடித்தது. மூத்தவள் சாய்த்தாள், இளையவள் தாங்கினாள். மூன்றாவது பெட்டிக்கு நகரும்போது கம்பி வழியாக அந்த மூச்சு வந்தது. முன்பு எப்படி வருமோ அப்படியே. மூத்தவளுக்கு அழுகை முட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு கடைசிப் பெட்டி வரை ஊற்றினாள். ஒரு சொட்டு சிந்தவில்லை.

கூட்டம் கைதட்டியது. அதிகாரி இருவரையும் சேர்த்து நிற்க வைத்துப் படம் எடுத்தார். "கொஞ்சம் சிரிங்கம்மா" என்றார். சிரித்தார்கள். மைக்காரர் அதிகாரியை அழைத்துக்கொண்டு போக, கூட்டமும் பின்னாலேயே தெருவுக்குப் போய்விட்டது.

இளையவள் பலகையில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றப் பார்த்தாள். சூட்டில் பாதம் வீங்கி வலது கால் வரவில்லை. மூத்தவள் கீழே உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்தாள். கோணியைப் பிரித்து, குதிகாலைப் பிடித்து மெல்ல மெல்ல ஆட்டிக் கழற்றினாள். ஒட்டிய விரல்கள் சிவந்து போயிருந்தன. அவற்றைத் தன் மடியில் வைத்து ஊதினாள்.

இளையவள் அவள் தலையில் கை வைத்தாள். எவ்வளவோ நாளைக்குப் பிறகு அந்தக் கை அங்கே வந்தது. குரலும் பழையபடி இளகியிருந்தது.

"பயமாத்தான்க்கா இருந்துச்சு. ராத்திரி பூரா தூங்கல. அப்புறம் மனசைத் தேத்திக்கிட்டேன். அத்தனை பேர் பாத்துக்கிட்டு இருக்கறப்ப நீ விடமாட்ட."

சொல்லிவிட்டு அவளே ஆறுதலாகச் சிரித்தாள்.

மூத்தவள் அந்தப் பாதத்தைத் தரையில் இறக்கி வைத்தாள். பூட்ஸை எடுத்து ஓரமாக நிறுத்தினாள். தகரத்தைத் தாண்டித் தன் பக்கம் வந்தாள்.

அங்கே அண்ணன்காரன் முக்காலி மேல் ஏறி, மேல் வரிசையில் ஏழெட்டுக் கல்லை எடுத்து அடுக்கிவிட்டிருந்தான். முகமெல்லாம் களிமண், முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தேன்டி மேலேர்ந்து! ஒரு சொட்டு சிந்தலியே!"

"இறங்குங்க."

"ஏன்?"

அவள் முக்காலியில் ஏறினாள். எடுத்த கல்லில் ஒன்றைத் தூக்கி, இருந்த இடத்திலேயே திருப்பி வைத்தாள். உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தாள். ஆடியது.

"சிமெண்ட் வாங்கிட்டு வாங்க" என்றாள்.

"என்னாச்சு? நல்லாத்தானே ஊத்தினீங்க?"

"நல்லாத்தான் ஊத்தினோம்."

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தம்பிக்காரனின் குரல் உற்சாகமாக வந்தது. "அண்ணே, இந்தப் பக்கம் நானும் எடுக்க ஆரம்பிக்கட்டுமா?"

அண்ணன் மனைவியின் முகத்தைப் பார்த்தான்.

மூத்தவள் அடுத்த கல்லுக்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.